நல்ல நிபுணர், ஆனாலும் தலைமைப் பதவி ஏன் கிடைக்கவில்லை?

அமெரிக்க மத்திய அரசுத் துறையில் பல வருடம் நிபுணராக இருப்பவர் உயர் தலைமைப் பதவிக்கு ஏன் தேறவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்தப் பதவிகள் பெரும்பாலும் 1978ஆம் ஆண்டுச் சட்டம் உருவாக்கிய மூத்த நிர்வாகப் பணியில் வருகின்றன. துறை அறிவு வேண்டும்தான். அதைவிட, ஆட்களை வழிநடத்தத் தெரியுமா என்றே பார்ப்பார்கள். துறை தேர்ந்தெடுத்த பிறகும், புதிதாக நுழைபவரை ஒரு தகுதி ஆய்வுக் குழு ஏற்க வேண்டும்.

பலர் சறுக்குவது, தங்கள் தலைமை அனுபவத்தை எடுத்துச் சொல்லும் இடத்தில்தான். "எங்கள் குழு தேங்கிய விண்ணப்பங்களை முடித்தது" என்று மட்டும் சொன்னால், அதில் நீங்கள் எங்கே? என்ன சிக்கல், நீங்கள் எடுத்த முடிவு எது, எதிர்த்தவரை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள், கடைசியில் என்ன மாறியது என்று சொல்லுங்கள். அப்புறம், தேறினாலும் முதல் ஒரு வருடம் தகுதிகாண் காலம்.