பிளஸ் மூன்று கவசம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

மேசை ஆட்டங்கள் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். எட்டு மாதமாக டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பாத்திரமேற்று ஆடும் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பில் (2014 விதிகள்) ஒரு கேம்ப்பெய்ன், அதாவது தொடர்கதைபோல நீளும் ஆட்டம், நடத்துகிறேன். ஆடுபவர்கள் ஐந்து பேர், எல்லோருடைய பாத்திரங்களும் இப்போது இருபது லெவலில் ஐந்தாம் லெவல். முதலில் புத்தகத்தில் இருக்கும் மாயப்பொருள்களைத்தான் கொடுத்தேன். அப்புறம் நானே உருவாக்கத் தொடங்கினேன். தீப்பிடிக்கும் வாள், அதைவிட அதிகமாக எரியும் கோடரி, எங்கள் வீரருக்கு ஒரு பிளஸ் 3 தகட்டுக் கவசம், அதாவது தற்காப்பு எண்ணில் மூன்றைக் கூட்டிக் கொடுப்பது. இப்போது எதை எடுத்து நீட்டினாலும் “எத்தனை பிளஸ்?” என்றுதான் கேட்கிறார்கள். குறைவாக இருந்தால் விற்றுவிடுகிறார்கள். கவசம் போட்டவரை எந்த அரக்கனாலும் தொட முடியவில்லை. சரி என்று அரக்கர்களைப் பலமாக்கினால் மந்திரவாதி இரண்டே அடியில் விழுந்துவிடுகிறார். அடுத்ததாக நீரில் மூழ்கிய ஒரு கோட்டைக்குள் போகப்போகிறார்கள். கடைசி அறையில் பிளஸ் 2 திரிசூலம் ஒன்று வைக்கலாம் என்றிருக்கிறேன். புதிய பொருள்களை எப்படி யோசிப்பது? கொடுத்துவிட்ட கவசத்தை என்ன செய்வது?

அன்புடன்,
ர.

*

அன்புள்ள ர.,

கவசத்திலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் மேசையில் நடப்பது முழுக்க அதற்குள் இருக்கிறது.

ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதாரணத் தகட்டுக் கவசத்துக்கு ஏசி (அடி பட எதிரி எட்ட வேண்டிய தற்காப்பு எண்) 18, கேடயத்துக்கு 2, ஆக 20. ஓகர் என்ற முரட்டு அரக்கன் தாக்கும்போது பகடையில் விழும் எண்ணோடு 6 கூட்டிக்கொள்ளும். அது உங்கள் வீரரை அடிக்க இருபது முகப் பகடையில் 14 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். இருபதில் ஏழு முகம், 35 சதவீதம். பிளஸ் 3 வந்ததும் ஏசி 23 ஆகிறது, 17 விழுந்தாக வேண்டும், வாய்ப்பு 20 சதவீதமாகக் குறைகிறது. இதைச் சரிக்கட்ட ஓகரின் 6-ஐ 9 ஆக்கினால் வீரர் பழையபடி 35-க்கு வந்துவிடுகிறார். ஆனால் ஏசி 13-இல் நிற்கும் மந்திரவாதியைப் பாருங்கள். முன்பு அந்த ஓகர் அவரை 70 சதவீதம் அடித்திருக்கும், இப்போது 85. வீரர் தொடங்கிய இடத்திலேயே நிற்கிறார். அவர் போட்டிருக்கும் கவசத்துக்கு மந்திரவாதி விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

ஐந்தாம் பதிப்பில் மூன்று என்பது சின்ன எண் இல்லை. ஒரு பாத்திரத்தின் ப்ரொஃபிஷியன்சி (தேர்ச்சிக்காகப் பகடையோடு கூட்டும் எண்) முதல் லெவலில் 2, இருபதாம் லெவலில் 6. ஆயுள் முழுக்க ஏறுவது நான்கே நான்கு. அதனால்தான் புத்தகம் பிளஸ் 3 கவசத்தை லெஜண்டரி என்ற மிக அரிதான வரிசையில் வைத்து, அந்த வரிசையைப் பதினேழாம் லெவலுக்கும் அதற்கு மேலும் தள்ளியிருக்கிறது. மாயப்பொருள் ஒன்றுகூட இல்லாமல் ஆட்டம் நடக்கும்படிதான் 2014 விதிகளின் அடிப்படைக் கணக்கு போடப்பட்டிருக்கிறது. ஆகவே நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு கூட்டலும் மேலதிகம்தான்.

கணக்கையாவது சரிசெய்துவிடலாம். எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. கவசம் கிடைத்த அன்று உங்கள் நண்பர் என்ன செய்தார்? பாத்திரத் தாளில் 20-ஐ அழித்து 23 என்று எழுதினார். அதற்குப் பிறகு அந்தக் கவசத்தை வைத்து அவர் ஒரு முடிவுகூட எடுத்திருக்க மாட்டார். எடுக்க இடமே இல்லை. எண் தானாக வேலை செய்துகொண்டிருக்கும், அவர் அதை மறந்துவிடுவார். அடுத்த பொருள் வரும்போது எண்ணோடு எண்ணை ஒப்பிடுவதைத் தவிர அவருக்கு வேறு வழியும் இல்லை. “எத்தனை பிளஸ்?” என்று கேட்பவர்கள் பேராசைக்காரர்கள் இல்லை. நீங்கள் கொடுத்த பொருள்களிடம் கேட்க இருந்த கேள்வி அது ஒன்றுதான்.

இப்போது அவர்களின் மூட்டையில் கிடக்கும் மலிவான சாமான்களைப் பாருங்கள். ஐம்பது அடி சணல் கயிறு, விலை ஒரு தங்கக்காசு. சுண்ணக்கட்டி ஒரு செப்புக்காசு. பத்தடிக் கம்பு ஐந்து செப்புக்காசு. ஆயிரம் இரும்புக் குண்டுகள் கொண்ட பை ஒரு தங்கக்காசு. கயிற்றுக்கு எந்தக் கூட்டலும் கிடையாது. ஆனால் கயிறு மேசைக்கு வந்ததும் எல்லோரும் முன்னால் சாய்ந்து உட்காருவார்கள். கட்டலாமா, இறங்கலாமா, கதவுக்குக் குறுக்கே கணுக்கால் உயரத்தில் இழுத்துக் கட்டினால் என்ன, பாதியாக வெட்டினால் திரும்ப ஏற முடியுமா? ஒரு மாயப்பொருளுக்கு இந்த அளவு வேலை இருந்தால் போதும் என்பதுதான் என் அளவுகோல். தகட்டுக் கவசத்துக்கு 1,500 தங்கக்காசு. அந்தப் பணத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு கயிறு கிடைக்கும். ஒரு கேம்ப்பெய்னை நகர்த்தும் சக்தி எதில் அதிகம் என்று கேட்டால் நான் தயங்காமல் கயிறு என்பேன்.

புத்தகத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த பொருள் இம்மூவபிள் ராட். தட்டையான ஓர் இரும்புத் தடி, ஒரு முனையில் பொத்தான். அழுத்தினால் தடி இருந்த இடத்திலேயே நின்றுவிடும், வெறும் காற்றில்கூட. 8,000 பவுண்ட் வரை, அதாவது கிட்டத்தட்ட 3,600 கிலோ தாங்கும். அவ்வளவுதான் விதி. எதற்குப் பயன்படுத்த வேண்டும் என்று அதில் ஒரு சொல் இல்லை. கதவை அடைக்கலாம், பாதாளத்தின் நடுவே பிடித்துத் தொங்கலாம், இரண்டு தடி இருந்தால் வானத்தில் ஏணிபோல ஏறிப் போகலாம். அரிதான பொருள்கூட இல்லை, அன்காமன் வரிசைதான்.

பேக் ஆஃப் ஹோல்டிங் பையையும் அப்படித்தான் பார்க்கிறேன். 500 பவுண்ட் கொள்ளும், எவ்வளவு போட்டாலும் எடை 15 பவுண்டுதான். சுமையைக் குறைக்கும் வசதி என்று பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். அதற்கடுத்த வரிகளில்தான் உயிர் இருக்கிறது. உள்ளே ஆள் ஒளிந்தால் பத்து நிமிடம் மூச்சு விடலாம், இரண்டு பேர் ஒளிந்தால் ஆளுக்கு ஐந்து. பை கிழிந்தால் உள்ளே இருப்பதெல்லாம் ஆஸ்ட்ரல் வெளி என்ற வேற்றுலகில் சிதறிவிடும். இந்த எல்லைகள் இல்லாவிட்டால் அது வெறும் பெரிய பை. காவலர்கள் பையைச் சோதிக்கும் நேரத்தில் உள்ளே இரண்டு பேர் இருக்கிறார்கள் என்றால், அந்த ஐந்து நிமிடத்தை ஐந்து பேரும் சேர்ந்து எண்ணுவார்கள்.

என் மேசையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கைக்குள் அடங்கும் பித்தளை மணி ஒன்றை உருவாக்கினேன். விதி இவ்வளவுதான்: ஆட்டினால் சத்தம் வராது. ஒரு மணி நேரம் கழித்து, ஆட்டிய அதே இடத்தில், ஆட்டிய அளவுக்குச் சத்தம் கேட்கும், மணி அப்போது எங்கே இருந்தாலும். ஒரு கைதியை மீட்க வேண்டிய கட்டத்தில் எங்கள் திருடன் தானியம் கொண்டுவந்தவன்போலக் கோட்டைக்குள் போய், களஞ்சியத்தின் நடுவில் நின்று அந்த மணியை முழு வேகத்தில் ஆட்டினான். பக்கத்திலிருந்த காவலன் “என்ன செய்கிறாய்?” என்று கேட்டான். “நாக்கு உடைந்த மணி, இரும்புக்கு விற்க வந்தேன்” என்றான் திருடன். நான் கைபேசியில் ஒரு மணி நேரத்துக்கு அலாரம் வைத்து மேசை நடுவில் கவிழ்த்து வைத்தேன். அன்று இரவு ஆட்ட நேரமும் நிஜ நேரமும் ஒன்று என்று முடிவு. அடுத்த ஐம்பது நிமிடம் அவர்கள் சிறைக்கதவு வரை போய்ச் சேர்வதற்குள் என்னென்னவோ தவறிப் போனது. ஒவ்வொருவரும் கைபேசியைப் பார்த்துக்கொண்டே பேசினார்கள். அலாரம் அடித்தபோது நிஜமாகவே ஒருவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். காவலர்கள் களஞ்சியத்துக்கு ஓடினார்கள், கதவு திறந்தது.

மூன்று வாரம் கழித்து, ஓகர்கள் திரியும் மலையில் முகாம் போட்டிருந்தபோது, எங்கள் கிளெரிக் (தெய்வ அருளால் மந்திரம் செய்யும் பாத்திரம்) மணியைத் துடைப்பதாகச் சொல்லி இரண்டு முறை ஆட்டிப் பார்த்தார். யாரும் கவனிக்கவில்லை. நான் தாளின் ஓரத்தில் நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டேன். மிச்சத்தை உங்களால் ஊகிக்க முடியும்.

அந்த மணியை அவர்கள் கடைசி வரை விற்கவில்லை. அதற்குப் பிளஸ் எதுவும் கிடையாது.

உங்கள் வாள் ஆசையைக் குறைசொல்லவில்லை. வாள் வேண்டும்தான். 1974-இல் வந்த முதல் பதிப்பில் மாய வாள்களுக்கு அறிவும் அகந்தையும் இருந்தன. வைத்திருப்பவரோடு ஒத்துப்போகாத வாள் அவரையே ஆட்டிவைக்கப் பார்க்கும். வாள் பாதி ஆயுதம், பாதி கூட வரும் ஆள். 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு மாயப்பொருள்களுக்குத் தங்கக்காசில் விலை போட்டது, எந்த லெவலில் ஒருவரிடம் எவ்வளவு சொத்து இருக்கலாம் என்று பட்டியலும் தந்தது. திட்டமிட அது பெரிய உதவி. ஆனால் வாங்குவதும் விற்பதும் ஆட்டத்தின் மையத்துக்கு வந்த பழக்கம் அப்போது வலுத்தது என்றே நினைக்கிறேன். உங்கள் தீ வாளுக்கு ஒரே ஒரு பிடிவாதம் கொடுத்துப் பாருங்கள். உறைக்குள் போட்டால் அணையாது, ஆகவே தோல் உறை எரிந்துவிடும், கல் உறை வேண்டும், அதை யாராவது சுமக்க வேண்டும். கூடுதல் தீக்காயம் அப்படியே இருக்கட்டும். வாளைப் பற்றிப் பேச்சு தானாக வரும்.

உருவாக்கும்போது நான் மூன்று வாக்கியத்துக்கு மேல் எழுதுவதில்லை. என்ன செய்யும், எப்போது நிற்கும், எதைச் செய்யாது. நான்காவது வாக்கியம் தேவைப்பட்டால் பொருளில் ஏதோ கோளாறு. இந்த மூன்றில் கடைசியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், அதைத்தான் நன்றாக யோசிக்க வேண்டும். சார்ஜ் (இத்தனை முறைதான் வேலை செய்யும் என்ற கணக்கு), அது விடியலில் நிரம்புவது எல்லாம் நல்ல கருவிகள், அவை உங்களுக்குத் தெரிந்தவையே. அட்யூன்மென்ட்டை, அதாவது பொருளை ஓர் ஆளோடு பிணைக்கும் விதியை, மட்டும் வாரிக் கொடுக்காதீர்கள். ஓர் ஆளுக்கு மூன்று இடம்தான். எப்போதும் வேலை செய்துகொண்டே இருக்கும் பொருளுக்கு அது வேண்டும், மணி மாதிரியானவற்றுக்கு வேண்டாம். அப்புறம், எந்தப் புதிய யோசனையையும் முதலில் ஒருமுறை மட்டும் பயன்படும் பொருளாகக் கொடுங்கள். ஒரு குப்பியில் மூன்று பாசிமணிகள், உடைத்தால் வேலை செய்யும் என்று. அளவுக்கு மீறிப் போனால் மூன்றோடு முடிந்தது. நன்றாக அமைந்தால் நிரந்தர வடிவத்தை இரண்டு லெவல் கழித்துக் கண்டெடுக்கட்டும், அதற்குள் அதன் மீது அவர்களுக்கே ஏக்கம் வந்திருக்கும்.

சரி, கவசம். திருடனை அனுப்பிப் பறிக்காதீர்கள். துருப்பிடிக்க வைக்கும் அரக்கனை விடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். 2014 விதிகளில் ரஸ்ட் மான்ஸ்டர் மாயமற்ற இரும்பை மட்டும்தான் அரிக்கும், விதியை வளைத்து அதைச் செய்தால் உங்கள் நண்பருக்கு உடனே தெரிந்துவிடும். ஆட்டம் தொடங்கும் முன், தேநீர் குடிக்கும் நேரத்தில், அவரிடம் இந்த 70–85 கணக்கைக் காட்டுங்கள். என் தவறு, சேர்ந்து மாற்றலாமா என்று கேளுங்கள். மாற்ற நான் சொல்லும் வழி இது: கவசம் இனி எப்போதும் சாதாரண ஏசி 18-தான். ஆனால் ஒரு நாளைக்கு மூன்று முறை, தன் மீதோ ஐந்தடிக்குள் நிற்கும் ஒருவர் மீதோ அடி விழும்போது, ரியாக்‌ஷனாக (அடுத்தவர் முறையிலும் சட்டெனச் செய்யும் எதிர்ச்செயல்) அந்த ஓர் அடிக்கு மட்டும் ஏசியில் 3 கூட்டலாம். விடியலில் திரும்ப நிரம்பும். அதே மூன்றுதான், ஆனால் இப்போது அவர் யோசிக்க வேண்டும். கடைசித் தடவையை இந்த அடிக்குச் செலவழிக்கலாமா, மந்திரவாதிக்காக வைத்திருக்கலாமா? அரக்கர்களின் எண்களையும் நீங்கள் பழையபடி இறக்கிவிடலாம். மந்திரவாதிக்கு முன்னால் போய் நிற்க வீரருக்கும் ஒரு காரணம் கிடைக்கும்.

திரிசூலத்தை விட்டுவிடுங்கள். மூழ்கிய கோட்டைக்கு நான் ஒரு சுண்ணக்கட்டி தருகிறேன், எடுத்துக்கொள்ளுங்கள். இதால் ஒரு மூடிய வளையம் வரைந்தால், விடியும் வரை அந்த வளையத்தின் வழியாகத் தண்ணீர் போகாது, வராது. கோடு ஓரிடத்தில் அழிந்தாலும் முழுதும் போய்விடும். ஈரத்தின் மீது எழுதாது, கட்டி மொத்தம் அறுபது அடி நீளக் கோட்டுக்கு வரும், அவ்வளவுதான். வாசல் சட்டத்தைச் சுற்றி வரைவார்கள், தண்ணீர் நிற்கும், மனிதர்கள் நடந்து போவார்கள். அதற்கு முன் அந்தச் சட்டத்தை எப்படி உலர்த்துவது என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள். உங்கள் தீ வாளுக்கு முதல்முறையாக ஒரு நல்ல வேலை வரும். மீன் வளையத்தைத் தாண்டுமா என்று யாராவது கேட்பார்கள். தாண்டும், தரையில் விழுந்து துடிக்கும். சுறாவும் அப்படியே.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். கட்டியைக் கடைசி அறையில் வைக்காதீர்கள். அங்கே கிடைத்தால் கோட்டையை விட்டு வெளியே வந்து மூட்டையில் போட்டு மறந்துவிடுவார்கள். முதல் அறையில், பாதி மூழ்கிய படிக்கட்டில், தண்ணீருக்கு மேலே எட்டிக்கொண்டிருக்கும் செத்துப்போன ஒருவரின் கையில் வையுங்கள். பக்கத்துச் சுவரில் அவர் வரையத் தொடங்கி முடிக்காத ஒரு வளையமும் இருக்கட்டும்.

அன்புடன்,
அக்கா