காசிமேட்டு விடியலுக்கு ஐயாயிரம் ப்ரீசெட் எதற்கு?

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய்ப் படம் எடுப்பது என் பொழுதுபோக்கு. செகண்ட் ஹேண்டில் வாங்கிய கேனான் 1500டி, அதோடு வந்த கிட் லென்ஸ், 8 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப், இவ்வளவுதான் என்னிடம் இருப்பது. தெரிந்த கடைக்காரர் ஒருவர் போட்டோஷாப், லைட்ரூம், எல்லா ப்ளக்-இன், 5,000 ப்ரீசெட் எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய்க்கு ‘லைஃப்டைம்’ போட்டுத் தருகிறேன் என்கிறார். நண்பரோ மாதச் சந்தா கட்டுவதுதான் சரி என்கிறார். எதை வாங்கட்டும்? எந்த ப்ளக்-இன் அவசியம் வேண்டும்?

பதில்: கடைக்காரருக்கு அந்த 1,500 ரூபாயைக் கொடுக்காதீர்கள். மாதச் சந்தாவும் இப்போது வேண்டாம். உங்களுக்குத் தேவையான முதல் மென்பொருள் உங்கள் கேமராவுக்கே இலவசமாக உண்டு. கேனான் நிறுவனம் தரும் ‘டிஜிட்டல் போட்டோ ப்ரொஃபஷனல்’, சுருக்கமாக டிபிபி. அவர்கள் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். சீரியல் நம்பர் கேட்டால் கேமராவைத் திருப்பிப் பாருங்கள், அடியில் இருக்கும். செகண்ட் ஹேண்ட் கேமரா என்பதால் ஒரு சிக்கலும் இல்லை. நிக்கான் வைத்திருப்பவர்களுக்கு என்எக்ஸ் ஸ்டூடியோ, சோனிக்கு இமேஜிங் எட்ஜ். மூன்றுமே இலவசம். இதைக் கேமரா விற்கிற கடையில் யாரும் சொல்வதில்லை. பை, ட்ரைபாட், ஸ்க்ரீன் கார்டு என்று எல்லாவற்றையும் தலையில் கட்டுவார்கள். இதை மட்டும் சொல்ல வாய் வராது.

அடுத்து, நீங்கள் ரா-வில் (சென்சார் பதிவுசெய்ததை அப்படியே சேமிக்கும் ஃபைல்) எடுக்கிறீர்களா, ஜேபெக்கில் எடுக்கிறீர்களா என்று எழுதவில்லை. ஜேபெக் என்றால் எந்த மென்பொருள் வாங்கியும் பெரிதாகப் பயன் இல்லை. ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். உங்கள் கேமராவின் ரா ஃபைல் 14 பிட், அதாவது 16,384 படிகள். வெளுத்த இடத்தை மீட்பதும் இருண்ட இடத்தைத் தூக்குவதும் இந்தப் படிகளை வைத்துத்தான். கேமரா மெனுவில் படத் தரத்தை ரா என்று மாற்றிவிட்டு அப்புறம் மென்பொருள் பக்கம் வாருங்கள்.

மீன் ஏலம் நடக்கும் இடத்தையே எடுத்துக்கொள்வோம். விடியற்காலை ஐந்து மணி. மேலே வெள்ளை எல்இடி விளக்கு, அதற்கு நேர் கீழே கூடை நிறைய வாளை மீன். மீனின் வெள்ளிப் பளபளப்பில் விளக்கு பட்டு அந்த இடம் மட்டும் வெள்ளையாக எரிந்துவிடுகிறது. பின்னால் விசைப்படகுகள், அதற்கும் பின்னால் நீலம் கட்டிய வானம். கேமரா இரண்டு வெளிச்சத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பச்சையாக்கிவிடும். டிபிபி-யில் ஒயிட் பேலன்ஸுக்கு, அதாவது வெள்ளை வெள்ளையாகத் தெரியும்படி நிறத்தைச் சரிசெய்வதற்கு, ஒரு சொட்டுக்குழாய்ப் படம் இருக்கும். அதை எடுத்து மீன் பெட்டியில் இருக்கும் ஐஸின் மேல் ஒருமுறை க்ளிக் செய்யுங்கள். பளீரென்று வெளுத்த ஐஸில் வேண்டாம், கொஞ்சம் நிழல் விழுந்து சாம்பலாகத் தெரிகிற ஐஸில். தோல் தோலாகவும் மீன் மீனாகவும் வந்துவிடும், வானம் தன் நீலத்துக்குத் திரும்பும். பிறகு வெளிச்சமான இடங்களுக்கான ஹைலைட் பட்டையை இடப்பக்கம் இழுத்தால் முழுதாக எரிந்துபோகாத பளபளப்பு அடங்கும். உங்கள் படங்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த இரண்டு வேலையே போதும். இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

குறுக்கே தொங்கும் கயிற்றை எடுக்க வேண்டும், சென்சாரில் ஒட்டிய தூசியால் விழுந்த புள்ளியைத் துடைக்க வேண்டும் என்றால் டிபிபி-யிலிருந்து 16 பிட் டிஃப் (TIFF) ஃபைலாக வெளியே எடுத்து ஜிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில் திறவுங்கள். ஜிம்ப் 1990-களின் நடுவிலிருந்து இலவசமாகவே கிடைக்கிறது. 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பிலிருந்து போட்ட ஃபில்டரைப் பிறகு போய் மாற்றிக்கொள்ளவும் முடிகிறது. அஃபினிட்டி என்று இன்னொன்று, காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. 2024-ல் கேன்வா நிறுவனம் அதை வாங்கி, 2025 அக்டோபரில் இலவசமாக்கிவிட்டது; கணக்கு மட்டும் தொடங்க வேண்டும். இரண்டில் ஒன்றைப் பிடியுங்கள். இரண்டையும் போட்டு அல்லாட வேண்டாம்.

இறக்கும்போது மட்டும் கவனம். 2022-ல் கூகுளில் ஜிம்ப் என்று தேடியவர்களுக்கு மேலே ஒரு விளம்பரம் வந்தது. விளம்பரத்தில் உண்மையான முகவரியே தெரிந்தது. க்ளிக் செய்தால் போலித் தளம், அதிலிருந்து இறங்கியது கடவுச்சொற்களைத் திருடும் நிரல். ஆகவே விளம்பரத்தைத் தொடாதீர்கள். முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள்: ஜிம்ப் டாட் ஆர்க் (gimp.org).

இலவச மென்பொருளைத் தேடும்போதே இப்படி என்றால் பென் டிரைவில் வருவதை யோசித்துப் பாருங்கள். அந்தக் கடைக்காரர் உரிமப் பூட்டை உடைக்கும் ‘கிராக்’ போடுவதற்கு முன் முதலில் என்ன செய்வார் தெரியுமா? ஆன்டிவைரஸை ஆஃப் செய்வார். வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டு வீட்டுக்குள் யாரை விடுகிறோம் என்று அவருக்கே தெரியாது. அவரும் எங்கிருந்தோ இறக்கியதுதான். என்னிடம் எடிட்டிங் கற்றுக்கொண்ட ஒரு பையன் இப்படித்தான் போட்டுக்கொண்டு வந்தான். மூன்றாவது வாரம் லேப்டாப்பைத் திறந்தால் ஒவ்வொரு படத்தின் பெயருக்குப் பின்னாலும் புரியாத நாலு எழுத்து. எதுவும் திறக்கவில்லை. பணம் கட்டினால் பூட்டைத் திறப்போம் என்று ஒரு குறிப்பு. அவன் தாத்தாவின் கடைசிப் படங்கள் அதில்தான் இருந்தன, வேறு பிரதி இல்லை. கடைக்காரர் ‘நீ வேற எங்கயோ க்ளிக் பண்ணியிருப்ப’ என்று சொல்லிவிட்டார். பில் இல்லை, கேட்க வழியில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

சட்டமும் இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 63பி: திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். பொழுதுபோக்குக்காரர்களுக்கு நீதிமன்றம் சலுகை காட்டலாம். தெரிந்தவர் வீட்டு வளைகாப்புக்குக் காசு வாங்கிக்கொண்டு படம் எடுத்த அன்றே அந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியாது.

இன்னொரு வகைத் தரகரும் உண்டு. ‘ஒரிஜினல் அக்கவுன்ட், வருஷத்துக்கு இவ்வளவு’ என்று பாதி விலைக்கும் குறைவாகத் தருவார்கள். எங்கோ ஒரு நிறுவனமோ கல்லூரியோ எடுத்த கூட்டுக் கணக்கில் உங்களை ஓர் ஆளாகச் சேர்த்திருப்பார்கள். அந்தக் கணக்கின் நிர்வாகி ஒருநாள் உங்கள் பெயரை எடுத்தால் முடிந்தது கதை. அதன் க்ளவுடில் சேமித்த படங்களும் போகும்.

இனி அந்த 5,000 ப்ரீசெட். ப்ரீசெட் என்பது என்னவென்று கண்ணால் பார்க்க வேண்டுமானால் எக்ஸ்எம்பி என்று முடியும் ஃபைல் ஒன்றை நோட்பேடில் திறந்து பாருங்கள். ‘எக்ஸ்போஷர்2012’, பக்கத்தில் +0.35, ‘கான்ட்ராஸ்ட்2012’, பக்கத்தில் +20. இப்படி வரிசையாக எண்கள்தான். வேறு யாரோ, வேறு வெளிச்சத்தில், வேறு ஆளை எடுத்தபோது எந்தப் பட்டையை எவ்வளவு நகர்த்தினார் என்ற குறிப்பு. அதைக் காசிமேட்டு எல்இடி வெளிச்சத்தில் கொண்டுவந்து போட்டால் என்ன ஆகும்? நம் ஊரில் சுற்றும் ப்ரீசெட்டில் பாதிக்கு மேல் கல்யாண ஆல்பத்துக்குச் செய்தவை. கருத்த தோலை வெளுக்க வைப்பதற்கென்றே ஆரஞ்சு நிறத்தின் பிரகாசத்தை ஏற்றி வைத்திருப்பார்கள். வெயிலில் நின்று கருத்த மீனவர் முகத்தில் அதைப் போட்டால் மாவு பூசியது போல ஆகிவிடும். அந்த முகத்தை அப்படி ஆக்க நமக்கு உரிமை இல்லை என்பது என் கட்சி. உங்களுக்குப் பிடித்த பத்துப் படத்தைத் திருத்தி, அதில் திரும்பத் திரும்ப வந்த மாற்றங்களைச் சேமித்து வையுங்கள். அதுதான் உங்கள் ப்ரீசெட்.

ப்ளக்-இன் விஷயத்துக்கு வருகிறேன். அது தனி மென்பொருள் இல்லை, இன்னொன்றின் மேல் ஒட்டிக்கொண்டு வேலை செய்வது. போட்டோஷாப்புக்குச் செய்தது ஜிம்ப்பில் பொதுவாக ஓடாது. எதோடு ஒட்டும் என்று பார்க்காமல் வாங்கி ஏமாந்தவர்கள் ஏராளம். நிக் கலெக்‌ஷன் கதையைச் சொல்கிறேன். கருப்பு வெள்ளைக்குப் பெயர் பெற்ற ப்ளக்-இன் தொகுப்பு அது. 2012-ல் கூகுள் அதன் நிறுவனத்தையே வாங்கியது. 2016-ல் தொகுப்பை இலவசமாக்கியது. எல்லோரும் ஓடி ஓடி இறக்கினோம். 2017-ல் டிஎக்ஸ்ஓ என்ற பிரெஞ்சு நிறுவனத்துக்குக் கைமாறி, மறுபடி விலைக்கு வந்துவிட்டது. ப்ளக்-இன்னை நம்பி உங்கள் பாணியையே கட்டினால் ஒவ்வொரு கைமாற்றத்திலும் நீங்களும் ஆட்டம் காண்பீர்கள். ஜிம்ப்புக்கு ஜிமிக் என்று இலவசத் தொகுப்பு இருக்கிறது, நூற்றுக்கணக்கான ஃபில்டர்கள். வேண்டுமென்றால் அதில் விளையாடிப் பாருங்கள்.

ஒன்றே ஒன்றுக்குத்தான் காசு கொடுக்கலாம் என்பேன்: நாய்ஸ், அதாவது வெளிச்சம் குறைந்த படத்தில் மணல் போல வரும் பொடிப்புள்ளிகளை நீக்கும் மென்பொருள். அதுவும் எல்லோருக்கும் இல்லை. நீங்கள் வெளிச்சம் வருவதற்கு முன்பே போகிறீர்கள். கிட் லென்ஸ் போதிய வெளிச்சத்தை உள்ளே விடாது. ஏலம் கூவுகிறவர் கை படத்தில் கலங்காமல் விழ வேண்டும் என்றால் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்வு அளவு) 6400-க்குப் போயே ஆக வேண்டும். படம் முழுக்க மணல் தூவியது போல இருக்கும். டிஎக்ஸ்ஓ ப்யூர்ரா போன்றவை ரா ஃபைலிலேயே வேலை செய்து இந்த மணலைத் துடைத்துவிடுகின்றன, மீன் செதில் அப்படியே நிற்கிறது. ஆனால் மூன்று நிபந்தனை. ஜேபெக்கை அதில் போட்டுப் பயனில்லை. மற்ற திருத்தங்களுக்கு முன்னால், முதல் வேலையாகச் செய்ய வேண்டும். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் ஒரு படத்துக்கே பல நிமிடம் பிடிக்கும். அதனால் உடனே வாங்காதீர்கள். சில நாள் இலவசச் சோதனைக் காலம் தருகிறார்கள். ஆறு மாதம் படம் எடுத்து, நன்றாக அமைந்து மணல் மட்டும் கெடுத்த முப்பது ரா ஃபைலைத் தனியாக எடுத்து வையுங்கள். அப்புறம் சோதனைப் பதிப்பைப் போட்டு, இரவு படுக்கும்போது ஓடவிட்டு, காலையில் பாருங்கள். காலை எட்டு மணிக்கு மேல் எடுத்த படங்களுக்கு இது வேண்டவே வேண்டாம். நின்ற இடத்தில் நிற்கும் கோபுரம் போன்றவற்றுக்கும் வேண்டாம்: ட்ரைபாடில் வைத்து ஒரே சட்டத்தில் பதினாறு படம் எடுத்து அஃபினிட்டியில் அடுக்கிச் சராசரி எடுத்தால் மணல் கால்வாசியாகக் குறைந்துவிடும். அலையில் ஆடும் படகுக்கு இந்த வித்தை பலிக்காது என்பதால்தான் மென்பொருள் பேச்சே வருகிறது.

சந்தா பற்றி நண்பர் சொன்னது தப்பு என்று சொல்லமாட்டேன். லைட்ரூம் நல்ல மென்பொருள். அதை ஒருமுறை காசு கொடுத்துச் சொந்தமாக்கிக்கொள்ளும் வழி 2015-ல் வந்த 6-வது பதிப்போடு மூடிவிட்டது. இப்போது ‘மாதம் இவ்வளவு’ என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பது பல சமயம் வருட ஒப்பந்தம், மாதத் தவணை. முதல் 14 நாளுக்குப் பிறகு நடுவில் விலகினால் மீதி மாதங்களின் தொகையில் பாதியைக் கேட்பார்கள். இதை ஒளித்து வைத்தார்கள் என்று சொல்லி அமெரிக்க வர்த்தக ஆணையத்தின் பரிந்துரையில் அந்நாட்டு அரசே 2024-ல் லைட்ரூமை விற்கும் அடோபி மீது வழக்குப் போட்டது. இங்கே 15,000 ரூபாய்க்குள் என்றால் வங்கி முன்கூட்டி ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிட்டு, ஓடிபி கேட்காமலே மாதாமாதம் எடுத்துக்கொள்ளும். அந்தக் குறுஞ்செய்தியை யார் படிக்கிறார்கள்?

இவ்வளவுக்கும் நம் பக்கத்து கம்ப்யூட்டர் சென்டர்கள் சிலவற்றில் இன்னும் போட்டோஷாப் 7.0 வைத்துப் பாடம் நடத்துகிறார்கள். அது 2002-ல் வந்தது. 2018-ல் வந்த உங்கள் கேமராவின் ரா ஃபைலை அதால் திறக்கவே முடியாது. சான்றிதழுக்குக் காசு வாங்கிக்கொண்டு திருட்டுப் பிரதியில் சொல்லிக்கொடுத்தால், படித்து வெளியே வருகிற பிள்ளை பென் டிரைவ் கடையைத் தேடாமல் வேறு எங்கே போகும்?

ஒருவேளை இந்தப் பதில் வருவதற்குள் அந்த ‘லைஃப்டைம்’ ஏறிவிட்டது என்றால், லேப்டாப்பை இன்டர்நெட்டிலிருந்து கழற்றுங்கள். படங்களை மட்டும், அதாவது சிஆர்2 (உங்கள் கேமராவின் ரா ஃபைல்), ஜேபெக் ஃபைல்களை மட்டும், வெளி ஹார்ட் டிஸ்குக்கு நகல் எடுங்கள். விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். வங்கி, மெயில் கடவுச்சொற்களை அந்த லேப்டாப்பில் மாற்றாதீர்கள். போனிலிருந்து மாற்றுங்கள், இன்றைக்கே.