எலும்பில் எவ்வளவு, எலும்பில் எப்படி

அன்புள்ள எழுத்தாளருக்கு,

அம்மாவுக்கு 68 வயது. எலும்பு அடர்த்தி ஸ்கேனில் டி-ஸ்கோர் -1.9 வந்தது. எலும்புப்புரை (ஆஸ்டியோபோரோசிஸ்) இல்லை, பயப்பட வேண்டாம் என்றார்கள். ஆறே மாதத்தில் கால் இடறி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. எலும்பைக் கணினியில் பல அளவுகளில் மாதிரியாகக் கட்டி வலுவைக் கணக்கிடலாம் என்று எழுதியிருந்தீர்கள். ஸ்கேன் சொல்லாததை அது சொல்லுமா?

ம.

அன்புள்ள ம.,

அம்மா எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டாரா? கடிதத்தைப் படித்ததும் முதலில் அதைத்தான் கேட்கத் தோன்றியது.

ஸ்கேன் பொய் சொல்லவில்லை. டி-ஸ்கோர் என்பது இளம் வயதினரின் சராசரி எலும்பு அடர்த்தியிலிருந்து நம்முடையது எவ்வளவு விலகியிருக்கிறது என்று காட்டும் எண். அது -2.5 அல்லது அதற்கும் கீழே போனால்தான் எலும்புப்புரை என்பது உலக சுகாதார நிறுவனம் 1994-ல் போட்ட கோடு. இடுப்பு முறிந்து வருபவர்களில் பலர் அந்தக் கோட்டைத் தொடாதவர்கள்தான். அந்த ஸ்கேன் எலும்பின் நிழலை வைத்து ஒரு சதுர சென்டிமீட்டரில் எத்தனை கிராம் தாது என்று சொல்கிறது. தாது எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பது நிழலில் தெரியாது.

வலு அந்த அடுக்கில்தான் இருக்கிறது. தொடை எலும்பின் மேல்முனையை நெடுக்காக அறுத்தால் உள்ளே கடற்பஞ்சு போல மெல்லிய கம்பிகள், ஒவ்வொன்றும் 0.1, 0.2 மில்லிமீட்டர் தடிமன். 1866-ல் ஜூரிச்சில், உடற்கூறியலாளர் மேயர் காட்டிய அந்தக் கம்பிகளைப் பார்த்த பொறியாளர் கூல்மன், பாரந்தூக்கியில் விசை ஓடும் கோடுகள் போலவே அவை வளைந்து போவதைக் கண்டார். இப்போது நெட்டுக் கம்பி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் நடுவில் பிடித்திருக்கும் குறுக்குக் கம்பி அற்றுப் போனால், தாங்கலில்லாத நீளம் இரு மடங்காகும்; அது மடங்காமல் தாங்கும் சுமை நாலில் ஒன்றாகிவிடும். போன தாது என்னவோ துளிதான்.

கணினி மாதிரிக்கு வேலை இங்கேதான். எலும்பின் அடியில் கொலாஜன் என்ற புரத இழைகள், அவற்றுக்கிடையே சில நானோமீட்டர் தடிமனில் தாதுத் தகடுகள், அப்புறம் படலங்கள், கம்பிகள், முழு எலும்பு. எல்லாவற்றையும் அடியிலிருந்து ஒரேயடியாகக் கட்ட எந்தக் கணினியாலும் ஆகாது. அதனால் ஒவ்வொரு அளவிலும் கணக்குப் போட்டு, கிடைத்த சராசரி விறைப்பை மேல் அளவுக்குக் கொடுக்கிறார்கள். மருத்துவமனை சிடி ஸ்கேனில் ஒரு புள்ளியே ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். கம்பி தனியாகத் தெரியாது. கம்பிகளின் கணக்கு ஒவ்வொரு புள்ளியின் விறைப்பாகத்தான் உள்ளே வருகிறது. பிறகு அந்த எலும்பைக் கணினியில் பக்கவாட்டில் விழவைத்து, எத்தனை நியூட்டன் விசையில் முறிகிறது என்று பார்க்கிறார்கள். தானமாக வந்த எலும்புகளை ஆய்வகத்தில் முறித்து இதைச் சரிபார்த்திருக்கிறார்கள், நன்றாகவே ஒத்துப்போகிறது. வேறு காரணத்துக்கு எடுத்த சிடி இருந்தால் அதையே பயன்படுத்தலாம் என்பது எனக்குப் பெரிய நம்பிக்கை தருகிறது.

ஆனால் கொலாஜன் கெட்டிருப்பது சிடியில் தெரியாது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் அடர்த்தி நன்றாக இருந்தும் எலும்பு முறிகிறதே, அங்கே மாதிரியும் தடுமாறும். விழப்போவது யார், எப்போது என்பதும் அதற்குத் தெரியாது.

அம்மாவின் விஷயத்தில் எந்தக் கணினியும் தேவையில்லை. இந்த வயதில் சும்மா இடறி விழுந்து இடுப்பு முறிந்தாலே, டி-ஸ்கோர் என்னவானாலும், எலும்பைக் காக்கும் மருந்து பற்றிப் பேச அது போதும். இன்னும் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை என்றால், அடுத்த முறை போகும்போது நீங்களே மருத்துவரிடம் கேளுங்கள்.