எட்டுக்கு எது ஜோடி?

கேள்வி: என் மகன் மூன்றாம் வகுப்பு. எட்டும் ஐந்தும் எவ்வளவு என்று கேட்டால் இன்னும் மேசைக்கு அடியில் விரலை மடக்கி எண்ணுகிறான். சீட்டுக்கட்டை வைத்துச் சொல்லிக்கொடு என்கிறாள் தோழி. வீட்டுக்குள் சீட்டு வந்தால் மூதேவி வந்த மாதிரி என்கிறார் மாமியார். என்ன செய்ய?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: விரல் விட்டு எண்ணட்டும் அம்மா, தப்பில்லை. அதை ஒளித்துச் செய்கிறானே, அந்தப் பயத்தைத்தான் முதலில் போக்க வேண்டும். அதற்குச் சீட்டு நல்ல வழி.

ஜோக்கர் நீங்கலாகச் சீட்டுக்கட்டில் 52 சீட்டு. ஜோக்கரோடு ராஜா, ராணி, ஜாக்கி, பத்து எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ஏஸ் என்றால் ஒன்று. மிச்சம் 36. கலைத்து, பன்னிரண்டை முகம் தெரியத் தரையில் பரப்புங்கள். கூட்டினால் பத்து வருகிற ஜோடியை ஆளுக்கு ஒன்றாக எடுக்க வேண்டும்; எடுக்கும்போது “ஏழும் மூணும் பத்து” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். காலி இடத்தைக் கட்டிலிருந்து நிரப்புங்கள். ஜோடியே இல்லையென்றால் இன்னும் இரண்டு போடுங்கள். தப்பு நடக்காவிட்டால் 18 ஜோடியாகத் தரை சுத்தமாகிவிடும்.

நான்கைந்து நாள் போகட்டும். அப்புறம், ஆட்டம் தொடங்குமுன் ஒரு சீட்டை யாரும் பார்க்காமல் உருவிப் பாய்க்கு அடியில் வைக்கச் சொல்லுங்கள். கடைசியில் தரையில் ஒரு சீட்டு மட்டும், ஏழு என்று வைத்துக்கொள்ளுங்கள், அநாதையாக நிற்கும். “பாய்க்கு அடியில் என்ன?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். மூன்று என்று சொல்லிவிட்டுப் பாயைத் தூக்கிப் பார்ப்பான் பாருங்கள், அந்த முகத்துக்காகவே என் வகுப்பில் இதை வருடா வருடம் ஆடினேன்.

இது பழகினால் உங்கள் எட்டும் ஐந்தும் தானாக வரும். எட்டுக்கு இரண்டு வேண்டும், ஐந்திலிருந்து கொடுத்தால் பத்து, கையில் மூன்று. கடிகாரம் மட்டும் வைக்காதீர்கள். பக்கத்து வீட்டுப் பையனோடு போட்டியும் இப்போதைக்கு வேண்டாம்.

மாமியார் விஷயம். பள்ளிக்குச் சீட்டுக்கட்டு கொண்டுபோக எனக்கும் தைரியம் வந்ததில்லை. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளை வெட்டி, ஒன்று முதல் ஒன்பது வரை நான்கு தடவை ஸ்கெட்ச் பேனாவால் எழுதிக்கொண்டேன். வெட்டுகிற வேலையை அவரிடமே கொடுங்கள். மூன்றாவது கை போட ஆள் கிடைத்த மாதிரியும் ஆச்சு.

ஒரு சீட்டு தொலைந்தாலும் ஆட்டமே காட்டிக்கொடுத்துவிடும். கடைசியில் நான்கு தனியாக நின்றால், கட்டிலுக்கு அடியில் ஒரு ஆறைத் தேடுங்கள்.