இறக்கம்தான் கடைசியில் திரும்பும்

முழங்காலில் அடிபட்டு, மறுபடியும் மலைப்பாதையில் ஓட வேண்டும் என்று துடிப்பவர்களிடமிருந்து இம்முறை நிறையக் கடிதங்கள். பிசியோதெரபி என் தொழில் என்றாலும், மலைப்பாதை ஓட்டம் என் உயிர். முழங்கால் சில்லு வலியால் பல மாதங்கள் ஓடி ஏறிவிட்டு நடந்தே இறங்கியவள் நான். அதனால் இந்த இதழின் பதில்கள் முழுவதும் அவர்களுக்கே. ஒவ்வொரு கடிதத்துக்கும் கீழே என் பதில்.

மெனிஸ்கஸ் ஜவ்வு (முழங்கால் எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல் இருப்பது) லேசாகக் கிழிந்து, அறுவை சிகிச்சை இல்லாமல் பயிற்சியிலேயே தேறிவருகிறேன். சமதளத்தில் 5 கிலோமீட்டர் வலியில்லாமல் ஓடுகிறேன். மலை ஏறும்போதும் தொந்தரவு இல்லை. இறங்க ஆரம்பித்தால் மட்டும் முட்டியின் முன்பக்கம் வலிக்கிறது. பழையபடி ஓட முடியுமா? எப்போது?

முடியும். ஆனால் ஏறுவதையும் இறங்குவதையும் ஒரே ஓட்டமாக நினைக்காதீர்கள். ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி உடலை மேலே தள்ளுகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே, விழும் உடலைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். ஒவ்வோர் அடியும் பிரேக் போடுவது மாதிரி. அந்த வேலையைத் தசை சரியாகச் செய்யாவிட்டால் முழங்கால் சில்லுக்குப் பின்னால் அழுத்தம் கூடும். முன்பக்க வலி பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. கிழிசல் பெரிதாகிவிட்டது என்று உடனே பயப்பட வேண்டாம். முட்டி வீங்கினாலோ, பாதி மடக்கியபடியே பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போனாலோதான் அந்தச் சந்தேகம் வர வேண்டும். அப்போது ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

காயத்துக்குப் பின் தொடைத் தசை எவ்வளவு வேகமாக மெலியும் என்பதைப் பலர் உணர்வதில்லை. மூட்டுக்குள் கொஞ்சம் நீர் கோத்திருந்தால்கூட, நரம்புகள் அந்தத் தசையை முழுமையாக இயங்க விடாது. நீங்கள் எவ்வளவு முயன்றாலும் அது பாதிதான் வேலை செய்யும். ஒரு தையல் டேப்பை எடுத்து, முழங்கால் சில்லுக்கு 10 சென்டிமீட்டர் மேலே இரண்டு தொடைகளையும் அளந்து பாருங்கள். அடிபட்ட பக்கம் கண்ணுக்குத் தெரியும் அளவு மெலிந்திருந்தால் மலைக்கு அவசரமே இல்லை. படிக்கட்டில் தொடங்கலாம்.

ஒரு படியின் விளிம்பில் அடிபட்ட காலில் நின்று, மறுகாலின் குதிகால் கீழ்ப்படியைத் தொடும்வரை மெதுவாக, மூன்று நான்கு விநாடி எடுத்து இறங்குங்கள். தொட்டதும் மேலே வாருங்கள். கண்ணாடி முன் செய்வது நல்லது. முட்டி உள்பக்கமாகச் சாய்ந்தால் இடுப்புத் தசையும் பலவீனம் என்று பொருள். எட்டு பத்து முறை, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். இது சுலபமானதும் கையில் எடை பிடித்துக்கொள்ளுங்கள். பார்க்க அற்பமாகத் தெரியும் இந்தப் பயிற்சியை நான் எல்லாவற்றுக்கும் மேலாக நம்புகிறேன்.

பிறகு மலை. முதல் சில வாரங்கள் ஓடி ஏறுங்கள், நடந்து இறங்குங்கள். அரை மணி நேரம் வேகமாக நடந்து இறங்கியும் முட்டி அமைதியாக இருக்கிறது என்றால், சாய்வு குறைந்த, மண் தரையுள்ள சின்ன இறக்கம் ஒன்றைத் தேர்ந்து, ஓரிரு நிமிடம் மட்டும் ஓடி இறங்குங்கள், மீதியை நடங்கள். தூரம், சாய்வு, தரை ஆகிய மூன்றில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். உருளும் கற்கள் நிறைந்த பாதை கடைசி. இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன்: ஓடி இறங்கிப் பழகும் நாளில் ஓடி ஏறிக் கால்களைக் களைப்பாக்காதீர்கள், மெதுவாக நடந்தே ஏறுங்கள். தேறிவரும் முழங்காலுக்குத் தளர்ந்த தொடையோடு இறங்குவதைவிடக் கெடுதல் வேறில்லை.

இறங்கும்போது எட்டி அடி வைக்காதீர்கள். ஒரு நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறீர்கள் என்று எண்ணி, அதை 5 முதல் 10 சதவீதம் கூட்டினால் முழங்கால் வாங்கும் சுமை குறைகிறது என்று 2011இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியது. சமதள வேகத்தில் அளந்ததுதான், ஆனால் இறக்கத்திலும் இதன் பலனை என்னிடம் வருபவர்களிடம் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பயத்தில் உடலைப் பின்னால் சாய்த்தால் குதிகால் முன்னே குத்தும், முட்டி விறைக்கும். அதையும் கவனியுங்கள்.

'எப்போது' என்ற கேள்விக்கு நாள் குறித்துத் தர மாட்டேன். மறுநாள் காலை முட்டியைக் கேளுங்கள். ஓடும்போது வலி பத்துக்கு இரண்டுவரை இருந்தால் பரவாயில்லை. மூன்றிலிருந்து ஐந்துவரை என்றால் வேகத்தையும் சாய்வையும் குறையுங்கள். அதற்கு மேல் போனால் அன்றைக்கு நடை மட்டுமே. ஆனால் தீர்ப்பு அடுத்த நாள் காலையில்தான் வரும், ஏனென்றால் மூட்டு வீங்க நேரம் எடுக்கும். நான் தேறிவந்த நாட்களில் ஓடிய தூரத்தை எழுதியதைவிட, காலைக் குறிப்பைத்தான் அக்கறையாக எழுதினேன்: படி இறங்கும்போது எப்படி இருந்தது, முழுதாகக் குந்த முடிந்ததா, சில்லின் உள்பக்கம் இருக்கும் சின்னக் குழி தெரிகிறதா. நீர் கோத்தால் முதலில் மறைவது அந்தக் குழிதான். அது மறைந்துவிட்டால் வலி இல்லாவிட்டாலும் அடுத்த ஓட்டத்தைப் பாதியாக்குங்கள். தொடைத் தசையில் இரண்டாம் நாள் வரும் கடுப்பு வேறு விஷயம். இறக்கத்துக்குப் புதிதான தசை அப்படித்தான் கடுக்கும். அடுத்த முறை அதே இறக்கத்தில் கடுப்பு குறைந்திருக்கும்.

எனக்கு வயது 52. எம்.ஆர்.ஐ. அறிக்கையில் 'தேய்மானத்தால் வந்த கிழிசல்' என்று இருக்கிறது. இனி வாழ்நாளில் ஓடவே கூடாது என்கிறார்கள் வீட்டில். மனம் உடைந்துவிட்டது.

அறிக்கையைப் படித்து அழுதுகொண்டு வருபவர்களை அடிக்கடி பார்க்கிறேன், அதனால் விரிவாகவே சொல்கிறேன். 50 வயதுக்கு மேற்பட்ட 991 பேரின் முழங்கால்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2008இல் வெளியானது. கிழிசல் இருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தைய மாதத்தில் வலியோ விறைப்போ இருக்கவே இல்லை. 2013இல் பின்லாந்து மருத்துவர்கள் இன்னும் துணிச்சலான ஒன்றைச் செய்தார்கள். இப்படிப்பட்ட கிழிசல் உள்ளவர்களில் ஒரு பாதிப் பேருக்கு ஜவ்வை வெட்டிச் சீராக்கினார்கள், மறுபாதிப் பேருக்கு அறுவை சிகிச்சை செய்வது போல் பாவனை மட்டும் செய்தார்கள். ஓராண்டு கழித்து இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தார்கள்.

ஓடினால் மூட்டு தேயும் என்ற பயத்துக்கும் பதில் உண்டு. பல ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வந்த ஒரு கட்டுரை, ஆர்வத்துக்காக ஓடுகிறவர்களில் இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் 3.5 சதவீதம் என்றும், ஓடாதவர்களில் 10.2 சதவீதம் என்றும் கணக்கிட்டது. போட்டிகளையே வாழ்க்கையாகக் கொண்டவர்களிடம் அது 13.3 சதவீதம். ஓட்டம்தான் காப்பாற்றியது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, மூட்டு நன்றாக இருப்பவர்கள்தான் தொடர்ந்து ஓடுகிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் அளவாக ஓடுவது முழங்காலைத் தின்றுவிடும் என்ற பேச்சுக்கு இதில் ஆதாரம் இல்லை. முட்டி பூட்டிக்கொள்ளவில்லை, வீங்கவில்லை என்றால், வீட்டாரையும் அழைத்துக்கொண்டு உங்கள் பிசியோதெரபிஸ்ட்டிடம் போங்கள். அறிக்கையோடு உங்கள் காலையும் பார்த்துச் சொல்லட்டும்.

முட்டியின் வெளிப்பக்கம் வலி. ஓடத் தொடங்கும்போது ஒன்றும் இல்லை. ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட அதே தூரத்தில் வந்து பிடிக்கிறது, இறக்கத்தில் கத்தியால் குத்துகிறது. ஓய்வெடுத்தால் போய்விடுகிறது, ஓடினால் திரும்பிவிடுகிறது.

நீங்கள் சொல்வது ஐ.டி. பேண்ட் வலிக்குப் பொருந்துகிறது. இடுப்பிலிருந்து தொடையின் வெளிப்பக்கமாக முழங்காலுக்குக் கீழே வரை வரும் தடித்த நார்ப்பட்டை அது. முட்டி ஏறக்குறைய 30 பாகை மடங்கும்போது எலும்பின் மேட்டுக்கும் பட்டைக்கும் நடுவில் அழுத்தம் கூடுகிறது. மெதுவாக இறங்கும்போது கால் அந்தக் கோணத்தில்தான் அதிகம் நிற்கிறது.

வெறும் ஓய்வு போதாது என்பதை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். வலி வரும் தூரத்துக்கு நன்றாக முன்பே நிறுத்துங்கள். ஓட்டமும் நடையுமாகப் பிரித்து ஓடுங்கள். பக்கவாட்டில் படுத்துக் காலைத் தூக்கும் பயிற்சி, பக்கவாட்டுப் பிளாங்க் (ஒரு முழங்கையை ஊன்றி உடலைப் பக்கவாட்டில் நேராகத் தாங்குவது) இரண்டையும் விடாதீர்கள். ஓடும்போது ஒரு கோட்டின் மேல் நடப்பது போல் பாதங்கள் குறுக்கே விழுகின்றனவா என்று யாரையாவது பின்னாலிருந்து படம் எடுக்கச் சொல்லுங்கள். விழுந்தால் கால்களைக் கொஞ்சம் அகட்டி வைத்து ஓடிப் பாருங்கள். ஃபோம் ரோலர் என்னும் நுரை உருளையில் உருட்டினால் சிறிது நேரம் இதமாக இருக்கும், அவ்வளவுதான்.

நீண்ட தூரப் பந்தயத்துக்கு முன் வலி மாத்திரை போட்டுக்கொள்ளலாமா?

வேண்டாம். 80 கிலோமீட்டர் ஓட்டக்காரர்களிடம் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஐபுப்ரோஃபென் எடுத்தவர்களில் 52 சதவீதம் பேருக்குச் சிறுநீரகப் பாதிப்பின் அறிகுறி இருந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் அது 34 சதவீதம். அதோடு, தேறிவரும் முட்டி உங்களோடு பேசும் முக்கியமான வழி வலி. அதை அடைத்துவிட்டு மலையில் இறங்காதீர்கள்.

நீ-கேப், ஊன்றுகோல் உதவுமா?

நீ-கேப் தைரியம் தரும், பலம் தராது. ஊன்றுகோல்களை மனமாரப் பரிந்துரைக்கிறேன். செங்குத்தான இறக்கத்தில் இரண்டு கோல்களை ஊன்றி நடந்தால் முழங்கால் சுமை கணிசமாகக் குறைவதை 1999லேயே அளந்திருக்கிறார்கள்.

ஏ.சி.எல். (முழங்காலுக்குள் எலும்புகளை இணைக்கும் ஜவ்வு) அறுவை சிகிச்சை முடிந்து ஏழு மாதம். வலி சுத்தமாக இல்லை. அடுத்த மாதம் நண்பர்கள் எல்லோரும் மலைப்பாதைப் பந்தயத்தில் ஓடுகிறார்கள். நானும் பெயர் கொடுத்துவிட்டேன். ஓடலாமா?

உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது, ஆனாலும் வேண்டாம் என்றே சொல்வேன். வலி இல்லாததும் புதிய ஜவ்வு முதிர்ந்துவிட்டதும் ஒன்றல்ல. நார்வே, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், திசை மாறித் திரும்பும் விளையாட்டுகளுக்கு மீண்டவர்களிடம், ஒன்பதாம் மாதம்வரை தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. நேரான ஓட்டத்தில் அந்த அளவு திருகல் இல்லைதான். ஆனால் வேர்களும் உருளும் கற்களும் உள்ள இறக்கத்தில் கால் எங்கே திரும்பும் என்று யார் சொல்ல முடியும்? ஒன்பது மாதம் ஆனாலும் நாள் மட்டும் போதாது. அடிபட்ட தொடையின் பலம் மறுகால் தொடையின் பலத்தில் குறைந்தது 90 சதவீதமாவது இருக்க வேண்டும், ஒற்றைக் காலில் தாண்டும் தூரமும் அதே அளவு வர வேண்டும். பிசியோதெரபிஸ்ட் இதை அளந்து எண்ணாகச் சொல்வார், கேட்டு வாங்குங்கள்.

இறக்கத்தில் இறங்கும்போது நெஞ்சு படபடக்கிறது என்றும் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதைக் கோழைத்தனம் என்று நினைக்காதீர்கள். பயத்தோடு இறங்குபவரின் கால் விறைத்துவிடும், அதனால் அந்தப் படபடப்பையும் உங்கள் பிசியோதெரபிஸ்ட்டிடம் சொல்லுங்கள். அதற்கும் பயிற்சி இருக்கிறது. இப்போதைக்கு உங்கள் பதிவை அடுத்த பந்தயத்துக்கு மாற்றித் தருவார்களா என்று அமைப்பாளர்களிடம் கேட்டுப் பாருங்கள். உங்கள் மருத்துவர் சம்மதித்தால், நண்பர்கள் பயிற்சி எடுக்கும் நாளில் அவர்களோடு வேகநடையாக மேலே ஏறுங்கள். அவர்கள் ஓடி இறங்கட்டும், நீங்கள் இரண்டு கோல்களையும் ஊன்றிக்கொண்டு நடந்து வாருங்கள்.