பேஸுக்கு ஆள் இல்லை – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

நான் பாளையங்கோட்டைக்காரன். பொறியியல் கடைசி ஆண்டு படிக்கிறேன். நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு ராக் இசைக்குழு நடத்துகிறோம். பிளாக் சபாத், லெட் செப்பலின், டீப் பர்ப்பிள் என்று எழுபதுகளின் இசைதான் எங்கள் வழி. ஒருவன் பாடுகிறான், இரண்டு பேர் கிட்டார், ஒருவன் டிரம்ஸ். தாழ்ந்த சுரங்களை வாசிக்கிற பேஸ் கிட்டாருக்கு ஆள் கிடைக்காததால் அதை மட்டும் லேப்டாப்பில் போட்டு ஓட்டிவிடுகிறோம். சொந்தமாகவும் சில பாட்டுகள் செய்திருக்கிறோம். தமிழில் பாடுவதா, ஆங்கிலத்தில் பாடுவதா என்று எங்களுக்குள் சண்டை. வெள்ளைக்காரனைக் காப்பியடிக்கிறீர்கள் என்று என் மாமாவே சொல்கிறார். மண்ணின் அடையாளமாக ஒரு பாட்டில் மகுடம் என்கிற தோல்வாத்தியத்தைச் சேர்க்கலாமா என்றும் யோசிக்கிறோம். இங்கே எங்களுக்கு மேடை இல்லை. ஒரு கோயில் கொடைத் திருவிழாவுக்கு வாசிக்கக் கூப்பிட்டார்கள். நாங்கள் லைட் மியூசிக் ஆட்கள் இல்லை என்று சொல்லிவிட்டோம். சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விடுவதுதான் வழியா?

ஆர்., பாளையங்கோட்டை

அன்புள்ள ஆர்.,

போன வாரம் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போயிருந்தேன். மேடையில் இசைக்குழு. பாடகர்கள் நால்வர், கீபோர்டு, ரிதம் பேட். பேஸ் கிட்டாரைக் காணவில்லை. கீபோர்டுக்காரரின் இடது கை அந்த வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்று தொடங்கிய எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அதற்குள் உங்கள் கடிதம் வந்துவிட்டது. ஆகவே கொஞ்சம் திட்டு விழும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில்லறையை முதலில் தீர்த்துவிடுவோம். தமிழில் பாடுங்கள். உங்கள் கடிதத்தின் தமிழ் நன்றாக இருக்கிறது, அது போதும். காப்பி என்கிறார் மாமா. 1971-ல் வந்த லெட் செப்பலினின் நான்காவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டு, மெம்ஃபிஸ் மின்னியும் கன்சாஸ் ஜோ மெக்காயும் 1929-ல் பதிவுசெய்த பாட்டு. 1927-ன் மிசிசிப்பி வெள்ளத்தைப் பற்றியது. கறுப்பின மக்களின் வெள்ளப் பாட்டை இங்கிலாந்துப் பையன்கள் எடுத்துப் பாடலாம், பாளையங்கோட்டைப் பையன்கள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டுமா? மாமாவிடம் இதைச் சொல்லுங்கள். அவர் சமாதானமாக மாட்டார், விடுங்கள்.

மகுடம் வேண்டாம். நம் பக்கத்துக் கொடைகளில் மகுடம் அடித்துக் கதை பாடி ஆடுகிற கணியான் கூத்தை ஒரு முழு இரவு உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? அதில் மகுடம் ஒன்று இல்லை, இரண்டு. ஒன்று உச்சம், இன்னொன்று மந்தம். தோலைத் தீயில் காட்டிச் சூடேற்றி, இரண்டையும் ஒன்றுக்கொன்று பதம் பார்த்து வைத்த பிறகுதான் தலைமைப் பாடகரான அண்ணாவி வாயைத் திறப்பார். மந்தத்துக்கென்றே ஒரு மனிதர் இரவு முழுக்க நிற்கிறார். வில்லுப்பாட்டில் குடத்தின் வாயில் மட்டையால் அடித்து அந்தக் ‘கும்’ ஓசையை எழுப்புவதற்கும் தனியாக ஒருவர் உண்டு. நம் ஊர்க் கலைகள் எதுவும் அடிநாதத்துக்கு ஆள் இல்லை என்று தோளைக் குலுக்கிவிட்டுப் போனதில்லை. நீங்கள் போயிருக்கிறீர்கள். அதையும் போகிற போக்கில் ஒற்றை வரியில் எழுதிவிட்டீர்கள்.

எழுபதுகளின் ராக்கை எதில் கேட்டீர்கள், தம்பி? செல்போனில்தானே? பேஸ் கிட்டாரின் கனத்த கம்பி விநாடிக்கு 41 தடவை அதிர்கிறது. விரல்நகம் அளவுள்ள அந்த ஸ்பீக்கரால் அதைத் தர முடியாது. பேஸைக் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் கேட்டு வளர்ந்திருக்கிறீர்கள். அதனால்தான் ராக் என்றால் இரண்டு கிட்டார் என்று தோன்றுகிறது. பிளாக் சபாத்தில் கிட்டார் ஒன்றே ஒன்றுதான். அதை வாசிக்கிற டோனி ஐயோமி தனி ஆவர்த்தனத்துக்குப் போகும்போது பின்னால் தாங்க இன்னொரு கிட்டார் கிடையாது. கீசர் பட்லரின் பேஸ்தான் அந்த இடம் முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கிறது. பட்லர் முதலில் கிட்டார் வாசித்தவர். குழுவுக்காகப் பேஸுக்கு மாறினார். உங்கள் இரண்டு கிட்டார்காரர்களில் ஒருவருக்குக்கூட அந்த மனம் வரவில்லையா? லெட் செப்பலினின் ஜான் பால் ஜோன்ஸ், மேடையில் கைகள் இரண்டும் கீபோர்டில் இருந்தபோது காலால் மிதிக்கும் பெடலில் பேஸை வாசித்தார். லேப்டாப்பிடம் கொடுத்துவிட்டுப் போகவில்லை.

லேப்டாப் தாளம் தப்பாது என்பீர்கள். தப்பாததுதான் வினை. டிரம்ஸ் வாசிக்கிற பையன் உற்சாகத்தில் ஒரு மயிரிழை முந்தினால் அது கூட வராது. அவன்தான் பயந்துகொண்டு அதன் பின்னால் ஓடவேண்டும்.

எண்பதுகளின் தொடக்கத்தில், கல்லூரி விடுமுறைகளில், ஓர் ஆர்கெஸ்ட்ராவோடு வயர் சுற்றவும் மைக் ஸ்டாண்டு தூக்கவும் போய்க்கொண்டிருந்தேன். நாங்குநேரி, களக்காடு, மூலைக்கரைப்பட்டி என்று சுற்றுவட்டாரத்துக் கொடைகள். அங்கே பேஸ் வாசித்தவர் பகலில் மில்லில் ஷிப்ட் பார்ப்பவர். கல்கத்தாவில் செய்த கிட்டார், வாருக்குப் பதில் பழைய பெல்ட். ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலை மேடைப் பலகையில் ஊன்றிக்கொள்வார். டிரம்ஸின் உதை காது வழியாக வந்தால் தாமதம், கால் வழியாக வரவேண்டும் என்பார்.

மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் ஓடும். எர்த் சரியில்லாமல் ஸ்பீக்கர்களில் ஓர் உறுமல் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கும். நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி; பேஸில் தாழ உள்ள ஜி சுரமோ 49. அந்தச் சுரத்தில் நீட்டி நின்றால் இரண்டும் உரசிக்கொண்டு வயிற்றைக் கலக்கும். அவர் அந்த இடம் வரும்போதெல்லாம் சட்டென்று மேல் ஸ்தாயிக்குத் தாவிவிடுவார். கேட்பவர்களுக்கு அது ஒரு அழகான துள்ளல். காரணம் அவருக்கும் வயர் சுற்றுகிற எனக்கும்தான் தெரியும்.

ஒரு கொடையில் நள்ளிரவு தாண்டியிருந்தது. பாடகர் தூக்கக் கலக்கத்தில் பல்லவியை அரைச் சுரம் ஏற்றி எடுத்துவிட்டார். கிட்டார் நின்றது. ஆர்கன் வாசித்தவர் கையைத் தூக்கிக்கொண்டு விழித்தார். பேஸ்காரர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. விரல் ஒரு கட்டம் நகர்ந்தது, அவ்வளவுதான். அடுத்த வரி முடிவதற்குள் எல்லோரும் அவர்மேல் வந்து ஏறிக்கொண்டார்கள். முன்வரிசையில் தலையாட்டிக்கொண்டிருந்த ஊர்ப் பெரியவர் தலையாட்டுவதை நிறுத்தவில்லை. பாட்டு முடிந்ததும் நூறு ரூபாய் அன்பளிப்பு வந்தது, பாடகருக்கு. பேஸ்காரர் டீ வந்துவிட்டதா என்று என்னைக் கேட்டார்.

இளையராஜாவின் பேஸ் வரிகளை எங்கள் பேஸ்காரர் கேசட்டை ஓட்டி ஓட்டித்தான் பிடித்தார். 1976-ல் இசையமைப்பாளராவதற்கு முன் மற்றவர்களின் பதிவுகளில் கிட்டாரும் ஆர்கனும் வாசித்தவர் இளையராஜா. அவர் பாட்டுகளில் பேஸ் தனியாக ஒரு பாட்டு பாடிக்கொண்டு போகும். பிளாக் சபாத்தின் ஊரான பர்மிங்ஹாமில் எழுபதுகள் நடந்தபோது இங்கேயும் எழுபதுகள் நடந்துகொண்டுதான் இருந்தன.

இப்போது அந்த இன்னொரு வரிக்கு வருகிறேன். “நாங்கள் லைட் மியூசிக் ஆட்கள் இல்லை.” யாரிடம் சொன்னீர்கள் இதை? வரி பிரித்து, பந்தல் போட்டு, உங்களையும் நம்பிக் கூப்பிட்ட ஊர்க்காரர்களிடமா? 1969-ல் பிளாக் சபாத் ஹாம்பர்க் நகரத்து ஸ்டார் கிளப்பில் ஒரே நாளில் பலமுறை மேடையேறி வாசித்தார்கள். குடிக்க வந்த கூட்டத்துக்கு முன்னால். அதே ஆண்டு அக்டோபரில் முதல் ஆல்பத்தை ஒரே நாளில் பதிவுசெய்து முடித்தார்கள். அப்படி வாசித்து வாசித்துக் கை பழுத்ததால் முடிந்தது. உங்களுக்கு ஹாம்பர்க் வீடு தேடி வந்தது, நீங்கள் கதவைச் சாத்தினீர்கள். பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை, உங்களைக் கேட்க வராத ஜனத்தை உட்காரவைத்துப் பாருங்கள். அவர்கள் கேட்கிற பாட்டை வாசியுங்கள். நள்ளிரவுப் பூஜையான சாமக்கொடை முடிந்து பாதிப் பேர் பந்தலிலேயே தூங்கிய பிறகு உங்கள் சொந்தப் பாட்டு ஒன்றைப் போடுங்கள். யாராவது எழுந்து உட்கார்ந்தால் பாட்டு தேறிவிட்டது.

ஆள் கிடைக்கவில்லை என்பதையும் நான் நம்பவில்லை. இருப்பது பாளையங்கோட்டையில்! ஞாயிற்றுக்கிழமை காலையில் எந்தத் தேவாலயத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். ஆராதனைக் குழுவில் ஓரமாக, யார் கண்ணிலும் படாமல், நான்கு கம்பிகளோடு ஒரு பையன் நிற்பான். அவன் இல்லையென்றால் பழைய ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் டவுனிலும் மேலப்பாளையத்திலும் இன்னும் இருக்கிறார்கள். அறுபது வயதுக்காரர் உங்களோடு நின்று பிளாக் சபாத் வாசித்தால் குழுவின் மானம் போய்விடுமா?

சென்னையா பெங்களூரா என்று கேட்டிருந்தீர்கள். ஆள் கிடைத்த பிறகு எழுதுங்கள், பேசுவோம். பயிற்சி எங்கே செய்கிறீர்கள் என்றும் எழுதுங்கள். வீட்டு மாடியில் என்றால் பக்கத்து வீட்டில் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது. கிட்டார் சத்தத்தை ஜன்னலைச் சாத்திக் குறைத்துவிடலாம். பேஸ் சுவரைத் தாண்டிப் போய் அவர்கள் வீட்டு எவர்சில்வர் தட்டுகளை ஆட்டும்.