மேசையில் மூடி வைத்த இட்லி

கேள்வி: எனக்கு 27 வயது. பாளையங்கோட்டையிலிருந்து மூன்று மாத ஊழியப் பயணமாக மலேசியாவின் பினாங்குக்கு வந்து ஏழு வாரம் ஆகிறது. நினைத்து வந்தது வேறு, இங்கே இருப்பது வேறு. புழுக்கம் தாங்கவில்லை. எதைச் சாப்பிட்டாலும் பெலாச்சான் என்கிற இறால் விழுதின் வாடை. சபையார் பேசுகிற தமிழ் பாதி புரிவதில்லை. காலையில் யாரைப் பார்த்தாலும் ‘பசியாறியாச்சா?’ என்கிறார்கள், நான் என்னவோ பட்டினி கிடந்து வந்தவன் மாதிரி. தெருவில் கைப்பிரதி கொடுக்கப் போதகர் விடுவதில்லை. பட்டர்வொர்த்தில் ஒரு பாட்டி வீட்டில் தங்கியிருக்கிறேன். இந்த ஊர்ச் சாப்பாடு எனக்கு ஒத்துக்கொள்ளாததால் பாட்டி இட்லி அவித்து மேசையில் மூடி வைத்துவிட்டு ஐந்தரைக்கே வேலைக்குப் போய்விடுகிறார். அதனால் பகலில் பேச்சுத்துணைக்குக்கூட ஆளில்லை. தேவன் என்னை அழைத்தது உண்மைதானா என்றே சந்தேகம் வருகிறது. ஊருக்குத் திரும்பிவிடலாமா?
- பெயர் வேண்டாம், பட்டர்வொர்த்

பதில்: தம்பி, வெளிநாட்டு ஊழியத்துக்கு வந்தவர்கள் இரண்டாம் மாதத்தில் எனக்கு எழுதுகிற கடிதம் இதுதான். புழுக்கம், வாடை, தனிமை, கடைசியில் அழைப்பைப் பற்றிய சந்தேகம். ‘எல்லாம் சரியாகிவிடும், ஜெபம் பண்ணுங்கள்’ என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். எழுதப் போவதில்லை. உங்கள் கடிதத்தில் ஒரு வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

‘ஐந்தரைக்கே வேலைக்குப் போய்விடுகிறார்.’

பினாங்கில் சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் உதிக்கும். ஐந்தரை என்றால் கும்மிருட்டு. உங்கள் வீட்டில் அப்போது மணி மூன்று, உங்கள் அம்மா தூங்கிக்கொண்டிருப்பார்கள். அந்த இருட்டில் வேலைக்குக் கிளம்புகிற ஒருவர் அதற்கு முன்னால் உங்களுக்கு இட்லி அவித்து, சட்னி அரைத்து, மூடி வைக்க வேண்டுமென்றால் எத்தனை மணிக்கு எழுந்திருப்பார்? நாலு மணியா? அதற்கும் முன்னாலா? உளுந்தும் அரிசியும் ஊறப்போட்டது முந்தின நாள். வேலை முடிந்து வந்து மாவரைத்தது முந்தின நாள் ராத்திரி. ஆக, அவருடைய ஒரு முழு நாள் உங்கள் வாய்ருசியைச் சுற்றி ஓடுகிறது. ஏழு வாரமாக ஓடுகிறது. இத்தனைக்கும் உங்கள் குறை என்ன? பேச்சுத்துணைக்கு ஆளில்லை!

பாட்டி என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படியானால் அறுபத்தைந்தாவது இருக்கும். இந்த நாட்டில் தனியார் வேலைக்குக் குறைந்தபட்ச ஓய்வு வயதை 60 ஆக்கிய சட்டம் 2013இல் நடைமுறைக்கு வந்தது. அந்த வயதைத் தாண்டியும் விடியுமுன் வேலைக்கு ஓடுகிற பெண்மணி பொழுதுபோகாமல் ஓடவில்லை. பள்ளிக் கேன்டீனாக இருக்கலாம், துப்புரவு வேலையாக இருக்கலாம். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து மாதம் 1,700 வெள்ளி, அதாவது ரிங்கிட். இந்த மாதிரி வேலைக்கு அதைத் தாண்டிப் பெரிதாகக் கிடைக்காது. உங்கள் இட்லிக்கு உளுந்து அந்தச் சம்பளத்தில் வாங்கியதா, சபை ஏதாவது கொடுக்கிறதா? உங்களுக்குத் தெரியுமா? அவர் எங்கே வேலை செய்கிறார், எத்தனை பிள்ளைகள், ஏன் தனியாக இருக்கிறார், எதுவும் கடிதத்தில் இல்லை. அவர் பெயர்கூட இல்லை. நான் எப்படியும் அச்சிட்டிருக்க மாட்டேன், ஆனால் நீங்கள் எழுதவே இல்லை.

என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினவர், அதாவது மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். எனக்குப் பத்து வயதில் இந்தியாவிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார் தொழிலாளர் குடியிருப்பில் எங்கள் லயத்து வீட்டில் ஒரு மாதம் தங்கினார். இருந்த ஒரே கட்டிலை அவருக்குக் கொடுத்துவிட்டு அம்மா எங்களோடு குசினித் தரையில் படுத்தார். தினமும் ராத்திரி பிரசங்கியார் கண்ணீரோடு இந்த வீட்டை ஆசீர்வதியும் என்று ஜெபிப்பார். கோப்பி குடித்த கிளாஸ் மட்டும் வைத்த இடத்திலேயே எறும்பு மொய்த்துக் கிடக்கும். அம்மா மரம் வெட்டிவிட்டு வந்து குனிந்து எடுப்பார். அவர் செய்த பிரசங்கத்தில் ஒரு வரி எனக்கு ஞாபகமில்லை. அந்தக் கிளாஸ் ஞாபகமிருக்கிறது.

‘பசியாறியாச்சா’ உங்களுக்குக் கேலியாகப் படுகிறது. அம்மாவும் மற்ற பெண்களும் இருட்டோடு வெறும் வயிற்றில் மரம் வெட்டப் போவார்கள். வெட்டி முடித்து வருகிறவரைப் பார்த்து முதலில் கேட்கிற கேள்வி அது. காலைச் சாப்பாட்டுக்கு எங்கள் சொல்லே பசியாறுவதுதான். இதைவிட நல்ல தமிழ் உங்கள் ஊரில் இருந்தால் எழுதி அனுப்புங்கள். அப்புறம், நாங்கள் காரைக் காடி என்போம், ரிங்கிட்டை வெள்ளி என்போம். ஒரு வாரம் காது கொடுத்தால் புரிந்துவிடும்.

கைப்பிரதி விஷயத்தில் போதகர் சொல்வதைக் கேளுங்கள். முஸ்லிம்களிடையே மற்ற மதங்களைப் பரப்புவதைச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்த மலேசிய அரசியலமைப்பின் 11(4) பிரிவு இடம் கொடுக்கிறது, பல மாநிலங்களில் அப்படிச் சட்டமும் இருக்கிறது. தெருவில் நீட்டுகிற பிரதி யார் கைக்குப் போகிறது என்று உங்களால் சொல்ல முடியாது. ஏதாவது ஆனால் நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள், பதில் சொல்ல வேண்டியது போதகர். இன்னொன்று, சுவிசேஷம் இந்த ஊருக்கு உங்களோடு வந்து இறங்கவில்லை. ஜார்ஜ்டவுனில் புனித ஜார்ஜ் ஆலயம் 1818இல் கட்டியது, உங்கள் பாளையங்கோட்டை ஊசிக்கோபுரம் கோயிலுக்கே மூத்தது.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். லூக்கா 10ஆம் அதிகாரத்தை ஊழியப் பயிற்சியில் எத்தனை முறை படித்திருப்பீர்கள்? எழுபது பேரை அனுப்பும்போது, ஏற்றுக்கொள்கிற வீட்டில் முன்னால் வைப்பதைச் சாப்பிடச் சொல்லித்தான் இயேசு அனுப்பினார். தனியாகச் சமைத்துத் தரச் சொல்லவில்லை என்பீர்கள். சொல்லியிருக்க வேண்டாம், முதல் நாள் தட்டைப் பார்த்து முகத்தைச் சுளித்திருப்பீர்கள், வயசான மனுஷிக்கு அது போதும். நாசி லெமாக் என்பது என்ன? தேங்காய்ப்பால் சோறு, நெத்திலி, வேர்க்கடலை, வெள்ளரிக்காய், முட்டை, சம்பல். திருநெல்வேலிக்காரருக்கு நெத்திலி எப்போதிலிருந்து அந்நியமானது? சம்பலில் பெலாச்சான் இருக்கும், அதுவும் உப்புப் போட்டுப் புளிக்கவைத்த கூனிதான். கொஞ்சமாகத் தொட்டுச் சாப்பிடுங்கள், பழகிவிடும்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். நாலாம் நாளிலிருந்து நீங்கள் அந்த வீட்டுக்கு விருந்தாளி இல்லை, பிள்ளை. எங்கள் வீட்டில் பிள்ளை என்றால் கிழவி எழுந்து அடுப்பு மூட்டும்போது படுத்துக் கிடக்க மாட்டான். உங்கள் சொந்தப் பாட்டி யாரோ ஒரு வெளியூர்ப் பையனுக்காக இப்படி அல்லாடினால் அவனை எத்தனை நாள் வீட்டில் விட்டு வைப்பீர்கள்? மனதைத் தொட்டுச் சொல்லுங்கள். ஊழியம் செய்ய வந்த வீட்டில் ஒரு முதியவளை ஊழியக்காரியாக்கி வைத்துக்கொண்டு அழைப்பு உண்மையா என்று என்னிடம் கேட்பது எனக்குக் கோபத்தைத்தான் வரவழைக்கிறது.

திரும்பிப் போவதா வேண்டாமா என்பதை இந்த வாரம் பேச வேண்டாம். இன்று மாலை பாட்டி வரும்போது வீடு கூட்டியிருக்கட்டும், சோறு வெந்திருக்கட்டும். சமைக்கத் தெரியாவிட்டால் அரிசி களைந்து போடுங்கள், அது யாருக்கும் வரும். ‘எனக்கென்று தனியாக இனி எதுவும் செய்யாதீங்க பாட்டி, நீங்க சாப்பிடுறதையே சாப்பிடுறேன்’ என்று சொல்லுங்கள். ஒரு தடவை சொன்னால் கேட்க மாட்டார். மறுபடியும் சொல்லுங்கள். சபை கொடுக்கும் பணம் அவருக்குப் போதுமா என்று போதகரிடம் தனியாகக் கேளுங்கள்.

நாளைக் காலையில் அவருக்கு முன்னால் எழுந்திருங்கள். கோப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, அவர் பையை வாங்கிக்கொண்டு பஸ் நிற்குமிடம் வரை கூட நடங்கள். பேச்சுத்துணை வேண்டும் என்றீர்களே, அந்த நடையில் கேளுங்கள், அவர் எந்தத் தோட்டத்தில் பிறந்தவர் என்று. அதற்கப்புறம் எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள். முதல் வரியில் அவர் பெயர் இருக்க வேண்டும்.